சத்தியத்தில் சேராத விளையாட்டு

மதுக்கரை
7-2-1999

அன்புள்ள தம்பி பங்காருவுக்கு அக்கா எழுதுவது. இங்கே நான், உன் மச்சான், எழில் மூவரும் சௌக்கியம். போன தடவை வந்தபோது இருமிக்கொண்டே இருந்தாயே, பெங்களூர்க் குளிர் இப்போதாவது விட்டதா? பிள்ளைகளை நான் கேட்டதாகச் சொல்.

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். எழில் ஒன்பதாவது முடிக்கப் போகிறான். சனிக்கிழமை சாயந்திரம் சுந்தராபுரத்தில் டியூஷன். அது விட்டதும் பக்கத்து பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டர் விளையாடிவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறான். ஏதோ சீட்டாட்டம் மாதிரி என்று நினைத்திருந்தேன். போன வாரம் போய்க் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். எல்லாம் துப்பாக்கி. ஏதோ நிலாவாம், அங்கே சுரங்கமாம், கவச உடுப்புப் போட்டவர்கள் ஒருவரை ஒருவர் சுடுகிறார்கள். பச்சை ரத்தம் தெறிக்கிறது. செத்தவன் உடனே எழுந்து ஓடுகிறான். பதினைந்து வயதுப் பிள்ளை பார்க்கிற காட்சியா இது?

அதைவிடப் பயம் ஒன்று. டெலிபோன் வயர் வழியாக எந்த ஊர்க்காரனும் உள்ளே வந்து விளையாடுவானாம். அதில் தேன்சிட்டு என்று ஒருத்தன், எந்நேரமும் எழிலுக்கு முன்னால் நின்று அவனுக்கு வருகிற குண்டையெல்லாம் தான் வாங்கிக்கொள்கிறான். யாரென்று கேட்டால், "தெரியாதுங்கம்மா" என்று தலையைக் குனிந்துகொள்கிறான். முன்பின் தெரியாதவன் எதற்கு என் பிள்ளைக்காகச் சாக வேண்டும்? ஆதாயமில்லாமல் செட்டி ஆற்றோடு போவானா?

பெரியவள் வீட்டை விட்டு ஒருத்தனோடு போன பிறகு மாரியம்மன் கோவிலில் நாங்கள் சத்தியம் செய்தபோது நீயும் பக்கத்தில்தான் நின்றாய். அவளோடு பேச மாட்டோம், எழுத மாட்டோம், முகம் பார்க்க மாட்டோம், மீறினால் எழில் தலைக்கு ஆகட்டும் என்று கற்பூரம் அணைத்தோம். அன்றிலிருந்து அந்தத் தலைக்கு ஒரு தலைவலி வந்தாலும் அம்மனுக்குக் காசு முடிந்து வைக்கிறேன். இருப்பது அவன் ஒருத்தன்.

உன் மச்சான், "உன்ர தம்பிதான் கம்ப்யூட்டரப் பிரிச்சுப் பூட்டறவனாச்சே. அவனைக் கேளு. ஆகாதுன்னா நிறுத்திப்போடலாம்" என்றார். விசாரித்து எழுது. உன் கடிதத்தை அவர்தான் உரக்கப் படிப்பார்.

அக்கா செவ்வந்தி


பெங்களூர்
20-2-1999

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும் பங்காரு. இருமல் நின்றுவிட்டது. பிள்ளைகள் வீட்டைத் தலைகீழாக்கும் அளவுக்கு நலம்.

எழில் விளையாடுவதன் பெயர் டெல்டா மூன். எங்கள் கம்பெனிக்குச் சர்வீசுக்கு வந்த ஒரு மெஷினில் இருந்தது. மூன்று நாள் மதிய உணவு வேளையில் உட்கார்ந்து ஆடிப் பார்த்தேன். முதல் நாள் என்னைக் கொல்லாதவன் பாவி.

என் தீர்ப்பு இது. கணக்கும் சமயோசிதமும் வளரத்தான் செய்யும். ஆனால் டப்பாவின் மூலையிலேயே பதினேழு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று போட்டிருக்கிறான். செய்தவனே ஆகாது என்கிறபோது நாம் ஆகும் என்று சொல்ல என்ன இருக்கிறது? கொல்வதற்கு மார்க்கு, செத்தால் நஷ்டமில்லை. வளர்கிற பிள்ளைக்கு இது நல்ல பழக்கம் இல்லை. யாரென்று தெரியாதவர்களோடு சேர்வது அதைவிட மோசம். நிறுத்திவிடுங்கள். பரீட்சை முடிந்த பிறகு பக்குவமாகச் சொன்னால் போதும்.

உங்கள் தம்பி
பங்காரு


மதுக்கரை
1-3-1999

மாமாவுக்கு எழில் வணக்கம். அத்தை, பாப்பா எல்லாம் நல்லா இருக்காங்களா? நான் நல்லா இருக்கிறேன். இந்த லெட்டரை ஸ்கூல் பக்கத்து போஸ்ட் ஆபீசில் போடுகிறேன். பதில் வீட்டுக்குப் போடாதீங்க. அப்பா படிப்பாருங்க.

நீங்க எழுதினதை அப்பா சத்தமாப் படிச்சாரு. அம்மா பரீட்சை வரைக்கும் விட்டிருக்காங்க. மாமா, நீங்க சொன்னால் அம்மா கேட்பாங்க. அதனால் உங்களிடம் மட்டும் சொல்கிறேன். தேன்சிட்டு வேற யாரும் இல்லீங்க. கயல்விழி அக்கா.

அந்தச் சென்டர் அக்காவோட காலேஜ் பிரண்டு ரம்ஷா அக்காவுதுங்க. தீபாவளி முடிஞ்ச வாரம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "உங்க அக்கா பெங்களூர்லிருந்து இதுக்குள்ள வருவா. பேச வேண்டாம், எழுத வேண்டாம். கூட நடந்தாப் போதுமாம்" என்றாங்க. டைப் பண்ணிப் பேசறதுக்கு அதில் இடம் இருக்குதுங்க. ஆனால் நாங்க ரெண்டு பேரும் இன்னைக்கு வரைக்கும் ஒரு எழுத்துக்கூட அடிச்சதில்லை. சத்தியம் என் தலைமேல இருக்கிறதால அக்காவும் பயப்படறாங்க. அக்கா முன்னால போவாங்க, நான் பின்னால போவேன். யாராவது சுட்டால் குறுக்கே வந்து நிற்பாங்க. நேரம் முடிஞ்சால் ரெண்டு தடவை குதிப்பாங்க. நானும் குதிப்பேன். அவ்வளவுதான் மாமா.

பேசலை, எழுதலை, முகத்தையும் பார்க்கலை. சத்தியத்தில் இந்த விளையாட்டு சேராதுங்கதானே? அம்மாவிடம் சொல்ல முடியலைங்க. சொன்னால் அம்மா தெரிஞ்சுக்கிட்டே விட்ட மாதிரி ஆயிடும். அவங்க சத்தியம் உடைஞ்சிரும்.

எழில்


பெங்களூர்
14-3-1999

அக்காவுக்கும் மச்சானுக்கும் வணக்கம். எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். இங்கே குறையில்லை.

போன கடிதத்தில் அவசரப்பட்டுவிட்டேன் என்று தோன்றுகிறது. இரண்டு மூன்று பேரிடம் விசாரித்தேன். இந்த ஊரில் படித்த வீட்டுப் பிள்ளைகளும் இதைத்தான் ஆடுகிறார்கள். ஒருவருக்கொருவர் துணை நிற்கிற குணம் வளர்கிறது என்கிறார்கள். டப்பாவில் போட்டிருக்கிற வயதெல்லாம் வெளிநாட்டுக் கணக்கு. வாரத்துக்கு ஒரு மணி நேரம்தானே, விளையாடட்டும். எனக்காக விடுங்கள், அக்கா.

அந்தத் தேன்சிட்டு பற்றிப் பயப்பட வேண்டாம். கெட்ட ஆளாக இருக்காது.

பங்காரு


மதுக்கரை
18-4-1999

தம்பிக்கு அக்கா. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுக்குத்தான் சுகமில்லை.

ஒரே மாதத்தில் உன் வாக்கு இரண்டாகிவிட்டது. உன் மச்சான் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டுச் சிரித்தார். "போன மாசம் வெசம், இந்த மாசம் மருந்து. உன்ர தம்பிக்குப் பையன் காயிதம் போட்டிருப்பான்" என்றார். இருக்கும் என்றுதான் எனக்கும் பட்டது. நீ குழந்தை மனசுக்காரன், அவன் இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டிருந்தால் இளகியிருப்பாய். மேலும், கெட்ட ஆளாக இருக்காது என்று நீ எதை வைத்து எழுதினாய்? பார்த்தாயா, பழகினாயா? தெரியாத ஆளுக்கு நற்சான்று தருகிற தம்பியை நினைத்துத்தான் பயம் கூடியது.

பரீட்சை முடிந்ததும் சொல்லிவிட்டேன். ஏப்ரல் பத்தாம் தேதி அவன் கடைசியாகப் போனது. அத்தோடு சரி. மறுநாள் என் தலையில் அவன் கையை வைத்து, இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். கையை வைக்கவே மாட்டேன் என்றான். நான்தான் பிடித்து வைத்தேன். ரெண்டு நாள் சோறு தின்னவில்லை. "ஒரே ஒரு வாட்டிங்கம்மா, சொல்லிட்டாச்சும் வந்தர்றேன்" என்றான். யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். எழுந்து உள்ளே போய்விட்டான். அதனால்தான் விடவில்லை.

பிள்ளையை அழவிட்டவள் என்று என்னை நினைக்காதே. ஒன்றைப் பொத்திப் பொத்தி வளர்த்து, இன்ஜினீயர் ஆக்கி, என் நாத்தனார் மகனுக்கு உறுதிவார்த்தையும் பேசி முடித்த பிறகு வாரிக் கொடுத்தவள் நான். இன்னொன்றையும் கொடுக்க என்னிடம் தெம்பில்லை.

செவ்வந்தி


பெங்களூர்
2-5-1999

அக்காவுக்கு, சுகம். சுகமறிய ஆசை.

சத்தியம் வாங்கும் அளவுக்குப் போயிருக்க வேண்டாம். ஒரு சனிக்கிழமைக்காவது விடுங்களேன். காரணம் கேட்காதீர்கள். நேரில் வரும்போது சொல்கிறேன். மே கடைசியில் லீவு கேட்டிருக்கிறேன்.

மச்சானுக்கு என் வணக்கம்.

பங்காரு


ஜெர்சி சிட்டி
23-5-1999

மாமாவுக்குக் கயல்விழி வணக்கம். அத்தையும் குழந்தைகளும் நலமா? நானும் ஜெரோமும் நலம். இந்த மாதம் பத்தாம் தேதி வேலைக்காக இங்கே அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தோம். உங்கள் கம்பெனி முகவரியை அவர்தான் தேடித் தந்தார்.

ஒரே ஊரில் ஒன்றரை வருஷம் இருந்தோம். நீங்கள் வரவில்லை. உங்கள் மடியில் உட்கார வைத்துக் காது குத்திய பிள்ளைதான், நானும் வரவில்லை. உங்களையும் சபையில் தலைகுனிய வைத்துவிட்டுத்தானே போனேன். அதைப் பற்றி எழுத வரவில்லை.

எழில் எப்படி இருக்கிறான்? ஏப்ரல் பத்துக்குப் பிறகு விளையாட வரவில்லை. பதினேழாம் தேதியும் இருபத்துநாலாம் தேதியும் அந்த நிலாவில் அவனுக்காகவே நின்றேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் நாகர்கோவிலுக்குப் போகவேண்டியிருந்தது, ஜெரோம் வீட்டில் சொல்லிக்கொள்ள. அந்த வண்டி போத்தனூரில் நிற்கும். ஏதாவது சாக்குச் சொல்லி அம்மாவை பிளாட்பாரத்துக்குக் கூட்டி வா என்று எழிலிடம் சொல்லும்படி ரம்ஷாவைக் கேட்டிருந்தேன். அம்மா என்னைப் பார்க்க வேண்டியதில்லை, மாமா. பார்க்க மாட்டேன் என்று சத்தியம் செய்தது அம்மாதானே, நான் இல்லையே. நான் ஜன்னலுக்குள் இருந்து பார்த்துக்கொண்டு போயிருப்பேன்.

அவன் வராததால் ரம்ஷா வீட்டுக்கே போய்ச் சொல்லட்டுமா என்றாள். அப்பாவுக்குத் தெரிந்தால் எழிலுக்கு அடி விழும் என்று வேண்டாம் என்றேன். ஒருவேளை தகவல் போயிருக்குமோ என்ற நப்பாசையில் போத்தனூரில் இறங்கி, மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தேன். தண்ணீர்க் குழாயடியில் பச்சைச் சேலை கட்டி, முதுகு காட்டி ஒருவர் நின்றார். கொண்டை அம்மா போடுகிற மாதிரியே. கிட்டே போனேன். வேறு யாரோ. "யாரைத் தேடற கண்ணு?" என்று கேட்டார். ஒண்ணுமில்லீங்க என்றேன்.

திரும்பி வர எத்தனை வருஷம் ஆகுமோ தெரியாது. எழிலுக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காமல் எழுதுங்கள். பேசாமல் விளையாடினாலும் சத்தியம் உடைந்துவிட்டதோ என்று தூக்கம் வரவில்லை.

கயல்விழி


பெங்களூர்
20-6-1999

அக்காவுக்கு மட்டும்.

இதைத் தையற்கடை பழனியாத்தாள் முகவரிக்குப் போடுகிறேன். உங்கள் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

தேன்சிட்டு நம் கயல். உள்ளே அவள் எழுதிய கடிதத்தை வைத்திருக்கிறேன். அவள் எழுதியது எனக்கு, உங்களுக்கு இல்லை. அதனால் படிக்கலாமா கூடாதா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மார்ச் மாதமே எனக்குத் தெரியும். எழில் எழுதினான். வீட்டுக்கு எழுதினால் மச்சான் படிப்பார். உங்களிடம் மட்டும் சொன்னால், தெரிந்தே விட்டதாகி உங்கள் சத்தியம் போய்விடும், இல்லை நீங்களே உங்கள் கையால் நிறுத்த வேண்டிவரும். இரண்டும் உங்களுக்கு வேண்டாமென்று விளையாட்டைப் பற்றியே தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தேன். லீவு எடுத்து வந்து சொல்லியிருக்கலாம். கேட்ட லீவு கிடைத்தும் நான் வரவில்லை. உங்கள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவள் நான்கு பஸ் நிறுத்தம் தள்ளி இருந்திருக்கிறாள் அக்கா, ஒரு தடவை போய்க் கதவைத் தட்டவில்லை. தாய்மாமன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாயில்லை.

எழில் சுகம் என்று அவளுக்கு எழுதிவிட்டேன். வேறெதுவும் எழுதவில்லை. திட்டவாவது எழுதுங்கள்.

பங்காரு


பெங்களூர்
8-8-1999

அக்காவுக்கு, ஏழு வாரமாகப் பதிலில்லை. கடிதம் உங்கள் கைக்கு வந்ததாகப் பழனியாத்தாள் போனில் சொன்னார். நலமா என்று ஒரு வரி போட்டால் போதும்.

பங்காரு


மதுக்கரை
3-10-1999

அன்புள்ள தம்பி பங்காருவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். பாதிக் கோபம் உன்மேல், மீதி என்மேல். அது ஆறட்டும் என்று மூன்று மாதம் இருந்தேன். ஆறவில்லை. சரி, எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

அவள் கடிதத்தைப் படித்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, வெயிலில் முடி உலர்த்தியபடி புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வண்டி கூவிய சத்தம் காதில் விழுந்திருக்கும். தினமும் கேட்கிற சத்தம், யார் கவனிக்கிறார்கள்? பெற்ற பிள்ளை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்திருக்கிறாள். நான் புளிக்குக் கொட்டை எடுத்திருக்கிறேன்.

எழிலைக் கூப்பிட்டு, வாங்கின சத்தியத்தைத் திருப்பித் தருகிறேன், போய் விளையாடு என்றேன். "குடுத்ததை எப்படிங்கம்மா திருப்பறது? உங்க தலைக்கு ஏதாச்சும் ஆயிருமில்லீங்க" என்றான். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. நான் அவன் தலைக்குப் பயந்தேன், அவன் என் தலைக்குப் பயப்படுகிறான். கோபமாகக்கூட இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறான், போட்டதைத் தின்கிறான், படிக்கிறான். கத்தினால் நன்றாக இருக்கும்.

அதனால் அந்தச் சென்டருக்கு நானே போனேன், கோவிலில் சொன்னது பேச்சு, எழுத்து, முகம் மூன்றும்தானே. உன் மச்சான் இரண்டு மணி ஷிப்டுக்குப் போனால் ராத்திரிதான் வருவார். ரம்ஷா நல்ல பெண். யாரென்று சொன்னதும் அழுதுவிட்டாள். தனி மெஷினில் உட்கார வைத்து, எந்தப் பொத்தானை அமுக்கினால் நடக்கும் என்று சொல்லிக் கொடுத்தாள். எனக்கு நடக்க மட்டும்தான் வருகிறது. "செவ்வந்தின்னு பேரு போட்டரலாமா ஆன்ட்டி, பாத்தா அவளுக்குத் தெரியும்" என்றாள். வேண்டாம் அம்மணி, பேர் எழுதுவதும் எழுத்துதானே என்றேன். ஆளிடம் சொல்லி அனுப்புவதும் பேச்சுதான், அதனால் அவளுக்கு நீ எதுவும் சொல்லக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டேன். பேர் போடாதவர்களுக்குப் பொதுவாகப் பிளேயர் என்று வருமாம். அப்படியே இருக்கட்டும் என்றேன்.

முதல் சனிக்கிழமை வானத்தைப் பார்த்தபடியே நடந்து பள்ளத்தில் விழுந்து செத்தேன். இரண்டாவது வாரம் யார் யாரோ சுட்டார்கள். ஒரு பையன் நான் எழுந்திருக்கிற இடத்திலேயே காத்திருந்து காத்திருந்து சுட்டான். பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு ஆகுமா ஆகாதா என்று உன்னைக் கேட்டேனே, பாவி, இப்போதும் எனக்குத் தெரியவில்லை. எழில் போவதில்லை. நான்தான் போகிறேன்.

மூன்றாவது வாரம் அவள் வந்தாள். அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும் என்றாள் ரம்ஷா. தலைக்கு மேலே இங்கிலீஷில் தேன்சிட்டு என்று இருந்தது. நீலக் கவசம். பாலத்தின் அந்தப் பக்கம் நின்று யாரையோ தேடுகிற மாதிரி இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்து நேராக நடந்தேன். எனக்கு வேறென்ன தெரியும்? பேர் இல்லாத ஒரு ஆள் நேராக வந்தால் அவள் என்ன நினைப்பாள்? சுட்டுப்போட்டாள்.

எழுந்து திரும்பவும் போனேன். திரும்பவும் சுட்டாள். வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போனேன். நடக்கிற சத்தம் கேட்டிருக்கும், சட்டென்று திரும்பிச் சுட்டாள். ரம்ஷா பக்கத்தில் நின்று, "ஆன்ட்டி, சொல்லிரட்டுங்களா? ஒரே ஒரு வார்த்தை அடிக்கட்டுங்களா?" என்று கையைப் பிசைந்தாள். நான் விடவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் என் மகள் என்னைப் பதினோரு தடவை சுட்டாள்.

ஒரு தடவைகூடக் குறி தப்பவில்லை தம்பி. கை நடுங்கவில்லை. கண் நன்றாகத் தெரிகிறது. தூக்கம் கெட்டவள், நோயில் கிடப்பவள் அப்படிச் சுட முடியாது. சுகமாக இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன்.

நீயும் அவளிடம் சொல்லிவிடாதே. வருகிற சனிக்கிழமையும் போவேன்.

உன் அக்கா
செவ்வந்தி